கடற்கரைக் கிராமத்தில் கைக்கருவிகள்: வாங்குதலும் பேணுதலும்

கீழவாஞ்சூர் காரைக்கால் பிரதேசத்தின் தென்கோடியில், நாகூரை அடுத்து, வங்காள விரிகுடாவின் கரையில் இருக்கிறது. மீன்பிடித் தொழிலும் நெல் விவசாயமும் அருகருகே நடக்கும் இத்தகைய ஊர்களில் எப்போதும் ஏதாவதொரு மராமத்து காத்துக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் உப்பிய கதவு நிலையில் இடிக்கும். மாட்டுக் கொட்டகையின் சட்டம் இற்றிருக்கும். படகில் உட்காரும் பலகை பெயர்ந்திருக்கும். மண்வெட்டிக்குப் புதுக் காம்பு வேண்டியிருக்கும். ஆசாரியை அழைத்தால் ஒரு நாட் கூலி ஆகும். அவர் வேறிடத்தில் வேலையாயிருந்தாலோ நாலு நாள் காத்திருக்க வேண்டும். கடலுக்குச் செல்லும் பருவத்தில் அந்த நாலு நாளின் நஷ்டம் கூலியைவிடப் பெரிது. ஆகையால் சிறு வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் பொருட்டு வீட்டில் சில கருவிகளை வைத்துக்கொள்வது நல்ல சிக்கனமேயாகும். பெரிய தச்சு வேலையை அத்தொழில் கற்றவரிடம் விடுவதே என்றும் முறை.

ஆனால் கருவி வாங்குவதோடு காரியம் முடிந்துவிட்டதாக நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணத்தால் விளையும் நஷ்டத்தை நான் நேரில் கண்டதுண்டு.

கணக்கில் இருப்பு, பெட்டியில் துரு

சில வருஷங்களுக்கு முன் கடலோரச் சங்கமொன்றின் கணக்குகளைப் பரிசோதிக்கச் சென்றிருந்தேன். அங்கத்தினர் சிலர் கடன் பெற்றுக் கூட்டாக வாங்கிய தச்சுக் கருவிப் பெட்டி ஒன்று சங்கக் கிடங்கில் இருந்தது. சரக்கிருப்புப் புஸ்தகத்தில் எல்லாக் கருவிகளும் எண்ணிக்கை குறையாமல், வாங்கிய விலையிலேயே எழுதப்பட்டிருந்தன. பெட்டியைத் திறக்கச் சொன்னேன். ரம்பத்தின் பற்கள் செந்நிறமாகத் தூர்ந்திருந்தன; உளிகளில் அம்மைத் தழும்பு போலக் குழிகள்; இழைப்புளியின் இரும்பு நாக்கு கட்டையோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. வாங்கிய பின் ஒரே ஒரு மழைக்காலந்தான் கழிந்திருந்தது. பெட்டியைத் தரையில், பொட்டாஷ் உர மூட்டைகளுக்கு அருகில் வைத்திருந்தார்கள். கடன் தவணையோ இன்னும் பாதிக்குமேல் பாக்கி.

இதன் பொருளை ஓர் உதாரணக் கணக்கால் விளக்கலாம். ஒருவர் 6,000 ரூபாயை 24 மாதத் தவணையில் கருவிக்காகக் கடன் வாங்குகிறார் எனக் கொள்வோம். முதலில் மட்டும் மாதம் 250 ரூபாய் செலுத்த வேண்டும். ஒன்பதாவது மாதத்தில் கருவிகள் துருவேறிப் பயனற்றுப் போனால், அதுவரை செலுத்தியது 2,250 ரூபாய்; மீதி 3,750 ரூபாயும் அதன் வட்டியும் பழைய இரும்புக்காகச் செலுத்த வேண்டிய தண்டமே. உற்பத்திக்கென்று வாங்கிய கடன், பாதி வழியில் வெறுங்கடனாக மாறிவிடுகிறது. ஆகவே இக்கட்டுரை முழுவதிலும் அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ள வேண்டிய விதி ஒன்றே: கருவியின் ஆயுள் கடனின் தவணையைவிட நீண்டதாயிருக்க வேண்டும்.

உப்புக் காற்று செய்யும் வேலை

உள்நாட்டுக் கிராமத்தில் பத்து வருஷம் உழைக்கும் உளி, கடற்கரையில் இரண்டே வருஷத்தில் கெடுவது ஏன்? இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் வேண்டும். உப்பு அவ்விரண்டின் வேலையையும் துரிதப்படுத்துகிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய துளிகளைக் காற்று கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. நீர் வற்றியபின் கண்ணுக்குத் தெரியாத உப்புப் பூச்சு இரும்பின்மேல் தங்கிவிடுகிறது.

காற்றின் ஈரம் நூற்றுக்கு 75 பங்கை எட்டியதும் சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு என்னும் பொருளோ ஏறக்குறைய 33 பங்கு ஈரத்திலேயே கசியும். ஆகவே மழை பெய்யாத நாளிலும், உப்புப் படிந்த கருவியின்மேல் எப்போதும் ஒரு மெல்லிய உவர்நீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையில் இது பன்மடங்காகிறது. பொட்டாஷ் உரமும் ஒரு குளோரைடு உப்பே. அதன் பக்கத்தில் இரும்பை வைப்பது கடலுக்குள் வைப்பதற்குச் சமானம். வலை, கருவாட்டுக் கூடை, உப்புச் சாக்கு ஆகியவற்றின் அருகிலும் கருவிப் பெட்டி இருத்தலாகாது.

முதலில் வாங்கத்தக்கவை

கடையில் நூறு கருவிகளைக் காணும்போது எல்லாவற்றின்மேலும் ஆசை செல்வது இயற்கை. ‘இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இரா’ என்பது பழமொழி. ஆயினும் அடிக்கடி உபயோகப்படுபவற்றை மட்டும், ஒவ்வொன்றாக, நல்ல தரத்தில் வாங்குதலே உத்தமம். பல துண்டுகள் அடங்கிய மலிவான பெட்டிகளில் பாதிக் கருவிகள் ஒருநாளும் வெளியே வருவதில்லை. மீதிப் பாதி முதல் வேலையிலேயே வளைந்துவிடும். ஒரு குடும்பத்துக்குக் கீழ்க்கண்டவை போதும்:

1. ஆணி பிடுங்கும் கொக்கியுள்ள சுத்தியல் ஒன்று. தலை சுமார் 450 கிராம் எடை.
2. கைரம்பம் ஒன்று, அங்குலத்துக்கு 8 முதல் 10 பற்கள்.
3. உளி மூன்று, கால், அரை, ஒரு அங்குல அகலம்.
4. புளியங்கட்டையாலான கொட்டாப்புளி ஒன்று.
5. சிறிய இழைப்புளி ஒன்று.
6. மூலைமட்டம் ஒன்று, அளவு நாடா ஒன்று.
7. திருப்புளி இரண்டு, குறடு ஒன்று.
8. தட்டை அரம் ஒன்று, முப்பட்டை அரம் ஒன்று.
9. ஒருபுறம் கரகரப்பும் மறுபுறம் வழுவழுப்புமான தீட்டுக்கல் ஒன்று.

இவற்றுள் பலரும் விட்டுவிடுவது ஒன்பதாவதான தீட்டுக்கல்லையே. கல் இல்லாதவன் வாங்கிய உளி, எண்ணெயில்லாத விளக்கைப் போன்றது. உளி வாங்கும் அன்றே கல்லும் வாங்குக.

கடையில் சோதிக்கும் முறை

பளபளப்பைக் கண்டு மயங்கலாகாது. மேற்பூச்சின் மினுமினுப்புக்கும் எஃகின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. பஞ்சாபின் ஜலந்தரிலும் ராஜஸ்தானத்தின் நாகவுரிலும் கைக்கருவி செய்தல் பெருந்தொழிலாக நடக்கிறது. அவ்வூர்ச் சரக்கு நம் கடைகளுக்கும் வரும். அதில் உயர்ந்ததும் உண்டு, தாழ்ந்ததும் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் செய்தவர் பெயரும் கருவியின்மேல் பொறிக்கப்பட்டுள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அட்டைப் பெட்டியின்மேல் மட்டும் அச்சிட்டிருப்பது போதாது.

*ரம்பம்:* அலகை மெல்ல வில்லாக வளைத்து விட்டால், கோணலின்றி நேராகத் திரும்ப வேண்டும். பற்கள் மட்டும் நீலங்கறுத்திருக்கும் ரம்பம் கடினப்படுத்தப்பட்டது. அது நெடுநாள் கூர்மை நிற்கும். ஆனால் மழுங்கினால் அரத்தால் தீட்ட முடியாது. தாமே தீட்டிக்கொள்ள விரும்புவோர் சாதாரணப் பல் உள்ளதையே வாங்கவேண்டும்.

*உளி:* அதன் பின்பக்கம் தட்டையாயிருத்தல் அவசியம். அலகும் பிடியும் ஒரே நேர்கோட்டில் அமைந்துள்ளனவா என்று கண்ணருகில் வைத்துப் பார்க்க. பிடியின் அடியில் இரும்பு வளையம் இருந்தால் அடிபட்டுப் பிளவாது.

*சுத்தியல்:* காம்பின் ரேகைகள் நுனி முதல் அடிவரை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அது ஒருநாள் முறிந்து தலை பறக்கும். நம்மூர்க் கருவேல மரம் காம்புக்கு மிகவும் ஏற்றது.

*இழைப்புளி:* கடற்கரைவாசிகளுக்கு மரக்கட்டையாலான இழைப்புளியே சௌகரியம். அதில் துருப்பிடிப்பதற்கு நாக்கு ஒன்றுதானே இருக்கிறது!

உபயோகிக்கும் முறை

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பதை அறியாதார் இல்லை. ஆயினும் மழுங்கிய உளியைக் கொண்டு வேலை செய்பவன் கருவியைக் குறை சொன்னால் அதில் நியாயம் உண்டு. அந்தக் குறையைத் தீர்ப்பவனும் அவனே. மழுங்கிய முனையை அதிக பலம் கொடுத்துத் தள்ளும்போதுதான் அது வழுக்கிக் கையில் பாய்கிறது. கூரான முனை குறைந்த பலத்தில், நினைத்த இடத்தில் செல்லும்.

உளியின் முகத்தை 25 டிகிரிச் சாய்வில் சாணை பிடித்து, விளிம்பை மட்டும் 30 டிகிரியில் கல்லில் தீட்டுவது வழக்கம். கோணமானி வேண்டியதில்லை. உளியைக் கல்லின்மேல் சாய்த்துப் பிடிக்கையில், முனையிலிருந்து உளியின் நீளத்தில் 2 அங்குலம் அளந்த இடம் கல்லுக்குமேல் 1 அங்குலம் உயர்ந்திருந்தால் அதுவே 30 டிகிரி. பின்பக்கத்தில் விரலை வைத்தால் மெல்லிய பிசிர் தட்டுப்படும்வரை தீட்டி, பிறகு உளியைத் திருப்பித் தட்டையாகப் படுக்கவைத்து அப்பிசிரை நீக்கிவிட வேண்டும்.

மின்சாரச் சாணையில் பிடிப்போர் ஒன்றைக் கவனிக்க. எஃகு சூடேறி வைக்கோல் நிறம் அடைவது சுமார் 230 டிகிரி சென்டிகிரேடில்; நீலநிறம் தோன்றுவது சுமார் 300 டிகிரியில். நீலம் கண்ட முனை பதம் இழந்து மென்மையாகிவிட்டது. அதை எத்தனை முறை தீட்டினாலும் கூர்மை நில்லாது. அப்பகுதி முழுவதையும் தேய்த்து நீக்கியாக வேண்டும். எனவே சாணையில் மெதுவாக வைத்து, அடிக்கடி தண்ணீரில் நனைத்தல் அவசியம்.

நமது பக்கத்து மரங்களுள் தென்னையும் பனையும் ரம்பத்தை விரைவில் மழுக்கும். அவற்றை அறுப்பதற்குப் பழைய ரம்பம் ஒன்றைத் தனியே ஒதுக்கிவைப்பது நலம். 2004-ம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி நேர்ந்த கடற்கோளுக்குப் பின் நம் கரையில் கண்ணாடி இழைப் படகுகள் மிகுதியாகப் பெருகின. அவற்றைப் பழுதுபார்க்கத் தச்சு உளியையோ மர ரம்பத்தையோ ஒருபோதும் எடுக்கலாகாது. கண்ணாடி இழை எஃகு முனையைத் தின்றுவிடும். இரும்பறுக்கும் ரம்பமும் உப்புத்தாளும் அதற்குப் போதும். தேய்க்கையில் எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு செய்யுமாதலால், மூக்கையும் வாயையும் நன்றாக மூடும் முகமூடியும் கண்ணாடியும் அணியாமல் அவ்வேலையைத் தொடங்க வேண்டாம்.

பேணும் முறை

படகு வேலை செய்யும் முதியவர் ஒருவரின் உளியை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தேன். அவருடைய தகப்பனார் காலத்தது. தீட்டித் தீட்டிப் பாதி நீளமே எஞ்சியிருந்தது. ஆயினும் ஒரு புள்ளித் துருவும் இல்லை. இரகசியம் என்னவென்று கேட்டேன். பெட்டிக்குள்ளிருந்த எண்ணெய்த் துணி ஒன்றை எடுத்துக் காட்டினார். மாலையில் கை கழுவுமுன் கருவிகளைத் துடைத்துவிடுவாராம். அந்த உளி தேய்ந்தது உழைப்பினால். நான் முன்சொன்ன பெட்டியிலிருந்தவை அழிந்தது சும்மா இருந்ததினால்.

அவர் வழக்கத்தை நாமும் பின்வருமாறு கைக்கொள்ளலாம்.

கருவி கடல்நீர் பட்டிருந்தால் அல்லது கடற்கரையில் வேலை செய்திருந்தால், முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்; உப்பை எடுக்காமல் எண்ணெய் பூசினால் உப்பு உள்ளேயே இருந்து அரிக்கும். பின்பு உலர்ந்த துணியால் துடைத்து, இயந்திர எண்ணெயை மெல்லியதாகத் தடவ வேண்டும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசினாகும். அவசரத்துக்கு மட்டும் உதவும். மண்ணெண்ணெய் துருவை இளக்கும்; ஆனால் விரைவில் ஆவியாகிவிடுமாதலால் காவலாக நில்லாது. மழைக்காலத்தில் நெடுநாள் எடுக்காமல் வைப்பவற்றுக்குக் கிரீஸ் பூசி வைக்கலாம்.

பெட்டி மரத்தாலாகி, தரையைவிட்டு ஓரடியாவது உயர்ந்த பலகைமேல், கடற்காற்று நேரே வீசாத உட்சுவரோரம் இருக்கட்டும். ரம்பத்தின் பற்களுக்குப் பழைய ரப்பர்க் குழாயைக் கீறி உறையாக மாட்டுக. உளிகள் ஒன்றோடொன்று உரசாமல் துணியில் தனித்தனியே சுருட்டி வைக்க வேண்டும். இழைப்புளியை வைக்கும்போது பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் நாக்கின் முனை கெடாது.

காம்புகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுதல் நல்லது. ஆனால் அந்த எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்தோ நீரில் நனைத்தோ பின்னரே அப்புறப்படுத்த வேண்டும். சுத்தியலின் தலை ஆடினால் நீரில் ஊறப்போடுவது தற்காலிகமான உபாயம். காய்ந்ததும் முன்னிலும் அதிகமாக ஆடும். புது ஆப்பு அடிப்பதே சரியான பரிகாரம்.

துருவேறிய கருவியை உடனே கழித்துவிட வேண்டியதில்லை. கெட்டியாகக் கரைத்த புளித்தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்தால் புளியின் அமிலம் துருவைக் கரைக்கும். மறுநாள் தேய்த்துக் கழுவி, சலவைச் சோடா கரைத்த நீரில் ஒருமுறை முக்கி, மீண்டும் நல்ல நீரில் அலம்பி, வெயிலில் உலர்த்தி, உடனே எண்ணெய் தடவுக. சோடா நீரில் முக்காவிட்டால் எஞ்சிய அமிலமே புதுத் துருவை உண்டாக்கும். முனையில் ஆழக் குழிகள் விழுந்திருந்தால், குழி மறையும்வரை சாணை பிடித்தால்தான் மறுபடியும் கூர்மை வரும்.

மின்சாரக் கருவிகள்

துளையிடும் யந்திரமும் வெட்டுச் சாணையும் இக்காலத்தில் சிறு வீடுகளிலும் காணப்படுகின்றன. ஈரத் தரையில், வெறுங்காலோடு 230 வோல்ட் மின்சாரத்தைக் கையாளுதல் உயிரோடு விளையாடுவதாகும். நிலத்தொடர்பு உள்ள மூன்று முனைச் செருகியையே உபயோகிக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக இரு சதுரங்கள் வரைந்த குறி உள்ள கருவிக்கு மட்டும் இரு முனை போதும். 30 மில்லி ஆம்பியர் கசிவு நேர்ந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனத்தை வீட்டு மின்பலகையில் பொருத்திக்கொள்வது, எந்தக் கருவியையும்விட முதலில் செய்ய வேண்டிய செலவு. வெட்டுச் சாணையின் காப்பு மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்யும் வழக்கம் நம் இளைஞரிடையே உண்டு. சக்கரம் உடைந்து சிதறும்போது முகத்தைக் காப்பது அந்த மூடி ஒன்றே.

சங்கம் செய்யக்கூடியது

1904-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் பிரிட்டிஷ் இந்தியாவில் கூட்டுறவு நாணய சங்கங்கள் தோன்றியபோது, அவற்றின் நோக்கம் குடியானவரைக் கடன் சுமையிலிருந்து மீட்பதாயிருந்தது. காரைக்கால் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அச்சட்டம் இங்கே செல்லவில்லை. எனினும் அந்நோக்கம் நமக்கும் பொதுவானதே. ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே கடன்பட்டு, வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் உபயோகிக்கும் கருவியை வாங்கித் துருவேற விடுவது அந்நோக்கத்துக்கு நேர் விரோதம்.

ஆகையால் மேலே சொன்ன ஒன்பதும் வீட்டுக்குச் சொந்தமாயிருக்கட்டும். வைஸ், மின்சாரத் துளைக்கருவி, வெட்டுச் சாணை, நீண்ட ரசமட்டம், பெரிய இறுக்கிகள் ஆகியவை சங்கத்துக்குச் சொந்தமாயிருக்கட்டும். இது புதுமையன்று. அமெரிக்காவில் பெர்க்லி நகரத்துப் பொது நூல்நிலையம், புஸ்தகங்களைக் கொடுப்பது போலவே, 1979-ம் வருஷத்திலிருந்து கருவிகளையும் இரவல் கொடுத்துவருகிறது. செல்வம் மிகுந்த நாட்டாரே பகிர்ந்துகொள்ளும்போது நாம் கூசுவானேன்?

ஆயினும் பொதுப் பொருளுக்குப் பொறுப்பாளி இல்லாவிட்டால், முன்சொன்ன பெட்டியின் கதியே நேரும். எனவே நிர்வாகக் கமிட்டியார் பின்வரும் ஏற்பாடுகளைத் தீர்மானமாக நிறைவேற்றுவது நலம்:

1. கருவிகளுக்கு ஒருவரைப் பெயர் குறித்துக் காப்பாளராக நியமித்தல். கொடுக்கும் நேரமும் திரும்பப் பெறும் நேரமும் வரையறுத்தல்.
2. வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் கருவியின் நிலையைப் பதிவேட்டில் எழுதி, பெறுபவர் கையொப்பம் வாங்குதல்.
3. சிறு வாடகை வசூலித்து, அத்தொகையைத் தீட்டுதலுக்கும் மராமத்துக்கும் தனி நிதியாக வைத்தல்.
4. ஐப்பசி பிறக்குமுன் ஒருமுறையும், தை மாதத்தில் ஒருமுறையும் பெட்டியைத் திறந்து, எண்ணுவதோடு நில்லாமல் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்துத் துடைத்து எண்ணெய் இடுதல்.
5. அங்கத்தினர் பலருக்கு ஒரே கருவி தேவைப்பட்டால், மாதிரி ஒன்றைச் சோதித்தபின் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கு அளித்தல்.
6. கருவிக் கடன் மனுக்களில், கருவியை எங்கே எவ்விதம் வைக்கப்போகிறார் என்பதையும் விசாரித்தல்.

ஆறாவதைக் கண்டு சிலர் நகைக்கலாம். ஆனால் பசுவுக்குக் கடன் கொடுக்கும்போது கொட்டகை உண்டா என்று கேட்கிறோம் அல்லவா? கருவிக்கும் அதுவே நியாயம்.

ஒரு எண்ணெய்த் துணிக்கும் ஒரு தீட்டுக்கல்லுக்கும் ஆகும் செலவு அற்பம். மாலையில் அதற்காகும் நேரம் வெற்றிலை போடும் நேரத்தைவிடக் குறைவு. இவ்வளவைச் செய்தால், இன்று வாங்கும் உளி கடன் தீர்ந்த பின்னும் கையில் இருக்கும். அதைப் பிள்ளைகள் கைக்கும் கொடுக்கலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இவ்விஷயத்தை எடுத்துப் பேசுவார்களாக. அதற்கு முன், இன்று மாலையே அவரவர் வீட்டுப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக.